சென்னை – யாழ்ப்பாணம்: 356 கிலோமீட்டருக்கு ஏன் 1 மணி 20 நிமிடம்?

தாம்பரம் செல்வி

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. பொங்கல் முடிந்ததும் யாழ்ப்பாணம் போகிறார். கொக்குவிலில் அவருடைய அக்கா, அதாவது என் பெரியம்மா இருக்கிறார். அம்மா 1976-இல் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தவர். யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியில் நேராகப் போய் இறங்குவது இதுதான் முதல் தடவை. இதற்கு முன்னால் போனதெல்லாம் கொழும்பு வழியாகத்தான்.

என் குழப்பம் நேரத்தைப் பற்றியது. ஒரு தளத்தில் சென்னைக்கும் பலாலிக்கும் 356 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 26 நிமிடம் என்று இருக்கிறது. இன்னொன்று 55 நிமிடம் என்கிறது. மூன்றாவது தளம் தூரமே 192 தான் என்கிறது. டிக்கெட்டில் ஏறும் நேரத்துக்கும் இறங்கும் நேரத்துக்கும் நடுவே 1 மணி 20 நிமிடம் போட்டிருக்கிறார்கள். இதில் எதை நம்புவது?

சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. இன்சுலின் ஊசி போட்டு அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பி, பெரியம்மா வீட்டு வாசலில் கால் வைக்கும்வரை உண்மையில் எத்தனை மணி நேரம் ஆகும் என்று தெரிந்தால்தான் ஊசியையும் சாப்பாட்டையும் கணக்குப் பண்ண முடியும். போய் வந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

காற்றுத்திசை

செல்வி அம்மா, நான் விமானங்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன். நீங்கள் பார்த்த எண்கள் எதுவுமே தப்பில்லை. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது, அவ்வளவுதான்.

முதலில் 192. அது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், அதே 356 வந்துவிடும். விமானத் துறையில் தூரத்தைக் கடல் மைலில்தான் பேசுவார்கள். வேறு எங்காவது 221 என்று பார்த்தால் அது நாம் சாதாரணமாகச் சொல்லும் மைல்.

அப்புறம் அந்த 26 நிமிடம். ஒரு ஜெட் விமானம் மேலே போய் நிலைகொண்டபின் மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் என்று வைத்து, 356-ஐ அதால் வகுத்துவிட்டார்கள். ஓடுபாதையில் நிற்பது முதல் இறங்கி நிற்பதுவரை முழு வேகத்திலேயே போவதுபோன்ற கணக்கு அது. பேருந்து கிளாம்பாக்கத்தில் புறப்பட்ட நொடியிலேயே நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் என்று நினைத்துக் கணக்குப் போட முடியுமா? 55 நிமிடம் சொன்ன தளம் அதோடு ஏறி இறங்க ஒரு அரை மணி நேரத்தைச் சேர்த்திருக்கிறது. இது கொஞ்சம் பரவாயில்லை.

ஆனால் இந்தத் தடத்தில் ஓடுவது ஜெட் இல்லை. ஏ.டி.ஆர் 72, இரண்டு பக்கமும் காற்றாடி சுழலும் விமானம். அதன் வேகம் மேலே போனபின் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவுதான். தோராயமாக நான் போடும் கணக்கு இது: சுமார் 17,000 அடிக்கு ஏற ஒரு கால் மணி நேரம், அதற்குள் 80 கிலோமீட்டர் போயிருக்கும். இறங்கும்போதும் அதே மாதிரி ஒரு 80 கிலோமீட்டர், அதற்கும் கால் மணி நேரம். நடுவில் மிச்சமிருக்கும் 200 கிலோமீட்டரை 24 நிமிடத்தில் கடக்கும். ஆக, சக்கரம் தரையை விட்டு மறுபடி தரையைத் தொடும்வரை 50 முதல் 55 நிமிடம்.

டிக்கெட்டில் இருப்பது இதுவும் இல்லை. கதவை மூடி விமானம் நகர ஆரம்பிப்பதிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் நிறுத்தி வைப்பது வரை உள்ள நேரம் அது. சென்னையில் ஓடுபாதை முனைவரை உருண்டு போய் வரிசையில் காத்திருக்க 10, 15 நிமிடம் ஆகும். பலாலியில் ஐந்து நிமிடம் போதும். கூடவே, முன்னே பின்னே ஆனால் சமாளிக்க நிறுவனம் கொஞ்சம் நேரத்தைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளும். எல்லாம் சேர்த்தால் 1 மணி 20 நிமிடம் சரியாக வந்துவிடுகிறது. நீங்கள் அதையே நம்புங்கள்.

மாட்டுத்தாவணி

ஐயா, ஒரு சந்தேகம். சென்னை–மதுரை 417 கிலோமீட்டர். அதற்கும் டிக்கெட்டில் ஏறக்குறைய இதே நேரம்தான் வருகிறது. அப்படியானால் சென்னைக்கு மதுரையைவிட யாழ்ப்பாணம் பக்கமா? படத்தில் பார்த்தால் அப்படித் தெரியவே இல்லையே.

காற்றுத்திசை

பக்கம்தான் தம்பி. 60 கிலோமீட்டர் பக்கம். இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன, 10 பாகைக்குக் கொஞ்சம் கீழே. ஆனால் மதுரை மேற்கே தள்ளி இருக்கிறது. பலாலி சென்னைக்கு நேர் தெற்கு. தீர்க்கரேகையில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குதான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. சென்னையிலிருந்து லண்டனுக்குத் தட்டையான படத்தில் கோடு போட்டால் அது உண்மையான குறுக்குவழி இல்லை. பூமி உருண்டை என்பதால் உண்மையான வழி வடக்கே வளைந்து போகும். யாழ்ப்பாணத்துக்கு அந்தத் தொல்லையே இல்லை. இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால், படத்தில் அடிமட்டம் வைத்துப் போட்ட கோடும் உருண்டையில் மிகக் குறுகிய வழியும் ஒன்றுதான்.

மதுரைக்கு ஜெட்டும் போகும். பலாலிக்கு ஏன் போவதில்லை என்றால் ஓடுபாதைதான் காரணம். 2019-இல் திறந்தபோது பயன்படுத்தும் நீளம் 1,400 மீட்டர் அளவுதான் இருந்தது. ஏ320 மாதிரி ஒரு ஜெட் விமானம் முழுச் சுமையோடு கிளம்ப 2,000 மீட்டர் வேண்டும். ஏ.டி.ஆருக்கு 1,300 மீட்டர் கிடைத்தாலே போதும். வெயில் ஏறினால் காற்று லேசாகி, இறக்கை விமானத்தைத் தூக்கும் விசை குறையும், அப்போது இன்னும் கொஞ்சம் நீளம் கேட்கும், அல்லது சுமையைக் குறைக்க வேண்டி வரும். அதனால் செல்வி அம்மா, பெரியம்மாவுக்கு என்று பெட்டியில் அடைப்பதற்கு முன்னால் டிக்கெட்டில் எத்தனை கிலோ போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பையையும் சின்னதாக வையுங்கள். தலைக்கு மேல் இருக்கும் அலமாரி சிறியது.

கொக்குவில் தம்பி

வணக்கம் செல்வி அக்கா. நான் கொக்குவில்தான், உங்கள் பெரியம்மா வீட்டுக்குக் கிட்டத்தான் இருக்க வேண்டும். இந்தப் பக்கத்துக் கணக்கை நான் சொல்கிறேன்.

பலாலி விமான நிலையம் சின்னது. ஒரு விமானத்து ஆட்கள் மட்டும்தான் வரிசையில் நிற்பார்கள். குடிவரவு முடிந்து பயணப்பொதி எடுத்து வெளியே வர முக்கால் மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல நாளில் அதற்கு முன்னமே வந்துவிடலாம். அங்கிருந்து யாழ் நகரம் 16 கிலோமீட்டர். கொக்குவில் நகரத்துக்கு வடக்கே இருப்பதால் அவ்வளவு தூரமும் வரத் தேவையில்லை. வாகனத்தில் அரை மணித்தியாலம் போதும்.

வாகனத்தை முதலே ஒழுங்குபண்ணி வையுங்கள். கூட்டிப்போக வருகிறவரின் இலக்கத்தை அம்மாவின் கையில் தாளில் எழுதிக் கொடுங்கள். இந்தியச் சிம் அங்கே இறங்கியவுடன் வேலை செய்யும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

மணிக்கூட்டை மாற்றத் தேவையில்லை, இரண்டு இடத்திலும் ஒரே நேரம்தான். 1996-இலிருந்து 2006 ஏப்ரல் வரை எங்கள் நேரம் இந்திய நேரத்தைவிட முன்னே ஓடியது, முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு அரை மணித்தியாலம். அம்மா அந்தக் காலத்தில் வந்திருந்தால் அதை ஞாபகம் வைத்திருப்பார். இப்போது அந்தச் சிக்கல் இல்லை, ஊசி நேரம் அப்படியே இருக்கும்.

சிக்கன ராஜா

எல்லோரும் பலாலி பலாலி என்கிறீர்கள். கொழும்புக்குப் பல நிறுவனங்கள் ஓட்டுகின்றன, டிக்கெட்டும் சில நாளில் மலிவாகக் கிடைக்கிறது. தூரம் 647 கிலோமீட்டராக இருந்தும் நேரம் 1 மணி 25 நிமிடம்தான், அங்கே ஜெட் போகிறது. ஐந்து நிமிடம்தானே கூட? அந்த வழியை ஏன் யோசிக்கக் கூடாது?

கொக்குவில் தம்பி

அண்ணா, கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்காவில் இறங்கிய பிறகு என்ன செய்வீர்கள்? அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு வீதியால் ஏழு மணித்தியாலம். ரயில் பிடிக்க வேண்டுமானால் முதலில் கொழும்புக் கோட்டைக்குப் போக வேண்டும், பிறகு ஏழெட்டு மணித்தியாலம் இருக்க வேண்டும். நேர் தெற்கே 647 கிலோமீட்டர் போய், அதில் பாதிக்கு மேலே திரும்ப வடக்கே ஏறி வருகிற பயணம் அது. 25 வயதில் நானும் செய்திருக்கிறேன். சர்க்கரை இருக்கிற 71 வயது அம்மாவை அப்படி அனுப்ப எனக்கு மனம் வராது. டிக்கெட்டில் மிச்சம் பிடிக்கும் காசு வாடகை வாகனத்துக்கே போய்விடும்.

எழும்பூர் பெரியவர்

இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 356 கிலோமீட்டர் என்று இன்றைக்கு நாம் சாதாரணமாகச் சொல்கிறோம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படை போட்ட தளம் பலாலி. இலங்கைச் சுதந்திரத்துக்கு முன்பே, 1947 டிசம்பர் 10 அன்று அந்த நாட்டு நிறுவனமான ஏர் சிலோனின் முதல் விமானம் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, பலாலியில் இறங்கி, மெட்ராஸ் வந்தது. அந்த நாளில் அதைக் காங்கேசன்துறை விமானத் தளம் என்பார்கள். அதாவது அந்த நிறுவனம் பறந்த முதல் தடமே இதுதான். டகோட்டா விமானம். அதுவும் இரண்டு காற்றாடிதான், பாருங்கள்.

செல்வியின் அம்மா 1976-இல் வந்தார் என்றால், பெரும்பாலும் தலைமன்னார் வழியாகத்தான் வந்திருப்பார். யாழ்ப்பாணத்தில் ரயில் ஏறி மதவாச்சி வரை தெற்கே போய், அங்கே மாறித் தலைமன்னார் துறைக்கு வந்து, இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம், மறுபடி ரயிலில் எழும்பூர். நான் எழும்பூரில் அந்த ரயிலுக்காகக் காத்து நின்றிருக்கிறேன். இறங்குகிறவர்கள் முகத்தைப் பார்த்தாலே எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்று தெரியும். அவ்வளவு களைப்பு. 1984-இல் அந்தக் கப்பலும் நின்றுபோனது. பலாலியும் இலங்கை உள்நாட்டுப் போர்க்காலம் முழுக்க இராணுவத் தளமாகிவிட்டது.

2006 ஆகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டபின் என் மைத்துனர் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குக் கண் சிகிச்சைக்கு வர வேண்டியிருந்தது. காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் திருகோணமலை, அங்கிருந்து வண்டியில் கொழும்பு, அப்புறம் விமானம். அனுமதிக்குக் காத்திருந்தது, கப்பலுக்குக் காத்திருந்தது எல்லாம் சேர்த்துப் பதினொரு நாள். அன்றைக்கும் சென்னைக்கும் பலாலிக்கும் நடுவே அதே 356 கிலோமீட்டர்தான் இருந்தது.

2019 அக்டோபர் 17 அன்று அலையன்ஸ் ஏர் விமானம் சென்னையிலிருந்து போய் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. ஐந்து மாதத்தில் கொரோனா வந்து அந்த விமானம் நின்றது. 2022 டிசம்பரில்தான் மறுபடி ஆரம்பித்தார்கள். 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது. செல்வி, உங்கள் அம்மாவை ஜன்னல் ஓரம் உட்கார வையுங்கள்.

தாம்பரம் செல்வி

ஐயா, அம்மாவிடம் படித்துக் காட்டினேன். இராமானுஜம் கப்பல்தான் என்றார். "கப்பல்ல எனக்கு வாந்தி, உங்கப்பா எலுமிச்சம்பழம் வாங்கப் போய்த் தொலைஞ்சுட்டார்" என்று அரை மணி நேரம் கதை சொன்னார். இத்தனை வருடத்தில் என்னிடம் சொல்லாத கதை.

ஜன்னல் என்றால் எந்தப் பக்கம்? முழங்கால் வலியும் இருக்கிறது, ஏறுவது கஷ்டமா?

காற்றுத்திசை

போகும்போது வலது பக்கம், வரும்போது இடது பக்கம். விமானம் கடற்கரைக்கு இணையாக, கடலுக்குள் 25, 30 கிலோமீட்டர் தள்ளித் தெற்கே போகும். வலது பக்கம் இருந்தால் தெளிவான நாளில் புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம், அப்புறம் கோடியக்கரை முனை எல்லாம் வரிசையாகத் தெரியும். கோடியக்கரையிலிருந்து பலாலி 60 கிலோமீட்டர்தான். ஏ.டி.ஆரில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கும், கீழே பார்ப்பதை மறைக்காது. காற்றாடிக்கு நேரே இருக்கும் இருக்கைகளில் சத்தம் அதிகம். பின் வரிசை அமைதியாக இருக்கும், கதவும் பின்னால்தான்.

முழங்கால் விஷயத்தை மட்டும் அலட்சியம் பண்ணாதீர்கள். ஏறுவது விமானத்தோடு சேர்ந்த சின்னப் படிக்கட்டு வழியாக. டிக்கெட் எடுத்தவுடனே சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று பதிவு செய்துவிடுங்கள்.

வானம்பாடி

நான் சிங்கப்பூர் போய் வருகிறவள். அங்கே போகவும் வரவும் ஆகும் நேரம் ஒன்றாக இருப்பதில்லை, காற்றுதான் காரணம் என்பார்கள். யாழ்ப்பாணத்துக்கும் அப்படி இருக்குமே? திரும்பி வரும் நாளில் ஊசி நேரத்தை மாற்ற வேண்டுமா?

காற்றுத்திசை

வேண்டாம். சிங்கப்பூர் 2,900 கிலோமீட்டருக்கு மேல், கிழக்கு நோக்கிய பயணம். காற்று முதுகில் தள்ளும், அல்லது முகத்தில் அடிக்கும். யாழ்ப்பாணம் நேர் தெற்கு. நம் பக்கத்துப் பருவக் காற்று பெரும்பாலும் பக்கவாட்டில்தான் அடிக்கும். போகவும் வரவும் வித்தியாசம் சில நிமிடங்களுக்குள் அடங்கிவிடும்.

ஆனால் காற்று வேறு இடத்தில் நேரத்தைத் தின்னும். விமானம் எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். தை மாதம் வடகிழக்குக் காற்று. சென்னையில் கடல் பக்கம் பார்த்துக் கிளம்பி, வலது பக்கம் திரும்பித் தெற்கே போவார்கள். பலாலி ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கிறது. வடக்கிலிருந்து வருகிற விமானம் குடாநாட்டைத் தாண்டித் தென்மேற்கே போய், திரும்பி வந்து இறங்க வேண்டும். அதற்கு ஐந்தாறு நிமிடம். ஆடி மாதம் போனால் நேராகக் கடல் பக்கமிருந்தே இறங்கிவிடலாம்.

நாகைக்காரன்

திருச்சியையும் சொல்லிவிடுகிறேன். 2025 மார்ச் கடைசியிலிருந்து திருச்சி–யாழ்ப்பாணம் விமானம் இருக்கிறது. 184 கிலோமீட்டர்தான், டிக்கெட் நேரம் ஒரு மணி. தஞ்சாவூர், நாகை, புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதுதான் வசதி. எங்கள் ஊரிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் இருக்கிறது, 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். கடல் கொந்தளித்தால் கப்பல் நிற்கும். அம்மாவுக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

அண்ணா நகர் தேவி

ஒரு எச்சரிக்கை. கார்த்திகை மழையில் நான் போனபோது பலாலிக்கு மேலே வரை போய், தரை தெரியாமல் இருபது நிமிடம் சுற்றிவிட்டு, சென்னைக்கே திரும்பி வந்து இறங்கினோம். இரண்டரை மணி நேரம் விமானத்துக்குள். விமானி செய்தது சரி, எனக்கு அதில் குறையே இல்லை. ஆனால் என் பக்கத்தில் இருந்த பெரியவர் வெறும் வயிற்றோடு வந்திருந்தார், கைகால் நடுங்கிவிட்டது. பிஸ்கட்டோ, வேறு ஏதாவதோ, மருந்து, மருத்துவர் சீட்டு மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பவே கூடாது.

தாம்பரம் செல்வி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். அம்மா போய்ச் சேர்ந்து ஐந்து நாள் ஆகிறது. ஒரு சின்ன நோட்டில் எல்லா நேரத்தையும் எழுதச் சொல்லியிருந்தேன், ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார். இனி போகிறவர்களுக்கு உதவும் என்று அப்படியே தருகிறேன்.

வீட்டிலிருந்து கிளம்பியது காலை 6.30. வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னால் இருக்கச் சொன்னார்கள். விமான நிலையத்தில் நுழைந்தது 7.05. பெட்டி, குடியகல்வு, பாதுகாப்புச் சோதனை எல்லாம் முடிந்தது 8.40. அங்கேயே உட்கார்ந்து ஊசி போட்டு, கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டார். கதவு மூடியது 10.15. தரையை விட்டது 10.29. பலாலியில் தரையைத் தொட்டது 11.26. அதாவது வானத்தில் 57 நிமிடம். காற்றுத்திசை ஐயா, நீங்கள் சொன்னது போலவே கடைசியில் சுற்றித்தான் இறங்கினார்களாம். "காரைநகர், ஊர்காவற்றுறை எல்லாம் தட்டில வச்ச மாதிரி தெரிஞ்சுது" என்றார். வெளியே வந்தது 12.05. கொக்குவில் தம்பி, நீங்கள் சொன்ன முக்கால் மணிக்கும் குறைவுதான். பெரியம்மா வீட்டு வாசல் 12.40.

வாசலிலிருந்து வாசல் 6 மணி 10 நிமிடம். பெரியம்மா மதியச் சாப்பாட்டை அடுப்பிலேயே வைத்துக் காத்திருந்தாராம், அடுத்த ஊசிக்கு நேரம் சரியாக இருந்தது.

நோட்டில் 11.10-க்கு நேராக அம்மா ஒரு வரி எழுதியிருக்கிறார், நான் கேட்காதது: "கோடியக்கரை. இங்கேயிருந்து அக்கா வீடு கிட்ட."

திரும்பி வரும் டிக்கெட்டைப் பத்து நாள் தள்ளிப் போடச் சொல்கிறார். தேதி மாற்ற எவ்வளவு ஆகும் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.